சிவகாமி டீச்சருக்குச் சீனி போடாத தேத்தண்ணீர்

வட்டகொடை ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தேன். இரண்டாவது பருப்பு வடையைக் கடித்த நேரம் பார்த்து எங்கள் பாடசாலை அதிபர் போனில் அழைத்தார். "சேர், நம்ம சிவகாமி டீச்சர் காலமாயிட்டாங்க." வாயில் இருந்த வடையை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ரயில் வந்து, நின்று, போய்விட்டது.

லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் டீச்சர் விஞ்ஞானம், நான் தமிழ். நான் வந்த முதல் வாரமே என் தொப்பையைப் பார்த்துவிட்டு, "கொழுப்பிழையம் சேர். அதுவும் உயிருள்ள கலங்கள்தான், மரியாதையா நடத்துங்க" என்றார்கள். அன்றிலிருந்து மரியாதையாகத்தான் வளர்த்து வருகிறேன்.

அவர்களுக்குப் பிடித்த பாடம் ஓர்சீர்த்திடநிலை. வெளியே என்ன நடந்தாலும் உடம்பு தன் சூட்டையும் நீரையும் சீனியையும் உள்ளே அளவாக வைத்துக்கொள்வதற்குப் பாடநூல் தரும் பெயர். "பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அந்த நிலை குலைஞ்சிடும் டீச்சர்" என்பேன்.

"பனியில நடுங்குறீங்களே, அது உடம்பு உங்களுக்காகப் போடுற சண்டை சேர். உள்ள இருக்கிற சூடும் வெளிக் குளிரும் ஒண்ணாயிட்டா, ஆள் முடிஞ்சுது."

அவர்களுடைய உடம்பில் சீனியை அளவாக வைக்கும் சதையி அந்தச் சண்டையை எப்போதோ கைவிட்டிருந்தது. சீனி வியாதி. பிறகு சிறுநீரகமும் தளர்ந்தது. கிளினிக்கில், இனிப்பைத் தொடவே கூடாது என்றார்கள். டீச்சருக்குத் தெரியாததா? சிறுநீரகத்தைக் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு வரைவார்கள்.

ஆனால் படிப்பை நிறுத்திய பிள்ளைகளைத் தேடி, தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குப் போவதும் அவர்கள்தான். போன இடமெல்லாம் தேத்தண்ணீர், பாகு போல.

"வேணாம்னு சொல்லுங்களேன்" என்று கெஞ்சினேன்.

"நானும் லயத்துப் பிள்ளைதான் சேர். எங்க வீட்டுக்கு வந்த பெரிய ஆளுங்க யாரும் வாய் நனைச்சதில்ல. எங்கம்மா ஊத்துன கப்பு அப்படியே ஆறிக் கிடக்கும். குடிக்காத ஆளு சொல்றத அவங்க ஏன் கேக்கணும்?"

பத்தாம் ஆண்டுக் கவிதாவைக் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு நாள் இருவரும் போனோம். என் வற்புறுத்தலில் டீச்சர் முதல் முறையாக வாயைத் திறந்தார்கள். "மாரியாயிக்கா, எனக்குச் சீனி வருத்தம். சீனி போடாம சும்மா சாயத்தண்ணி போதும்."

கவிதாவின் அம்மா பதறிப்போனார். "ஐயோ, சொல்லக்கூடாதா டீச்சர்! ஒரு சொட்டுச் சீனி போடல. டின் பால்தான் ஊத்தியிருக்கேன், தெம்பா குடிங்க!"

சீனிக்கே அண்ணன் அந்த டின் பால். மாரியாயி அடுப்பங்கரைக்குத் திரும்பியதும் டீச்சரின் கப்பை எடுத்து ஒரே மூச்சில் நான் குடித்தேன். நாக்கு வெந்தது. வீர சாகசம் செய்த பெருமையோடு நிமிர்ந்தால், காலிக் கப்பைப் பார்த்த மாரியாயி பூரித்துப்போய் மறுபடியும் விளிம்பு வரை நிரப்பிவிட்டார்.

"உங்க உதவிக்கு நன்றி சேர்" என்று மெல்லச் சொல்லிவிட்டு, டீச்சர் அதைக் குடித்தார்கள். அடுத்த திங்கட்கிழமை கவிதா வகுப்பில் இருந்தாள்.

அதன் பிறகு கால் வீங்கியது, முகம் வீங்கியது. நான் பகிடி விட்டேன். வேறு எதுவும் எனக்குத் தெரியாது. படுக்கையிலும் அவர்கள் என் தொப்பையைத்தான் விசாரித்தார்கள்.

இறுதிச் சடங்கன்று மாரியாயி வந்தார். டின் பாலிலும் சீனிதான் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். கையில் ஒரு கப். தலைமாட்டில் வைத்தார்.

"சீனி போடல டீச்சர். டின் பாலும் ஊத்தல. வெறும் சாயம்தான்."

கூட்டம் கலைந்த பிறகு, பழைய நினைப்பில், யாரும் பார்க்கும் முன் எடுத்துக் குடித்துவிட என் கை தானாக நீண்டது. கப்பைத் தொட்டேன், டீச்சரின் கையையும். கதவு திறந்திருந்ததால் பனி உள்ளே வந்திருந்தது. கப்பும் அறையும் டீச்சரின் கையும் ஒரே குளிராய் இருந்தன.

இதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் டீச்சர். போய் வாருங்கள்.