பெரியவள் கைப்பக்குவம்

இன்று காலை மூலக்குளம் கடையில் ஒரு கட்டு புதினா வாங்கினேன். ஃபிரிட்ஜிலிருந்து பிளாஸ்டிக் பையோடு எடுத்துக் கொடுத்தார்கள். ஓர் இலையைக் கிள்ளி மூக்கருகே வைத்தால் பிளாஸ்டிக் வாசனைதான் வந்தது. மாமனார் திவசத்துக்கு அவருக்குப் பிடித்த துவையல் அரைக்க வேண்டும். ஆட்டோவில் அந்தக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு பழைய கோபங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துப் பார்த்தபடி வந்தேன். சிலர் பெட்டியைத் திறந்து நகைகளைப் பார்ப்பார்கள் இல்லையா, எனக்கு இது. சிரிக்காதீர்கள்.

கல்யாணமாகிக் கரியமாணிக்கம் கிராமத்துக்குப் போனபோது பம்புசெட் வாய்க்கால் ஓரம் வெறும் புல்தான். புதினாத் தண்டை ஊன்றியது நான். பிறகு கொத்தமல்லி, பொன்னாங்கண்ணி, வெள்ளரி, பந்தலில் பீர்க்கு. சித்திரை வெயிலில் கரும்புக் கொல்லையிலிருந்து வருகிறவர்களுக்கு எண்ணெய் மிதக்கும் குழம்பு இறங்குமா? பொன்னாங்கண்ணியைப் பாசிப்பருப்போடு குழைத்துக் கூட்டு வைப்பேன். வெள்ளரியைத் துருவித் தயிர்ப்பச்சடி. மோரில் இஞ்சியும் கொத்தமல்லியும் தட்டிப் போடுவேன். பீர்க்கங்காய்த் தோலைக்கூட விடமாட்டேன், அதுவும் துவையலாகிவிடும். அந்த வாய்க்கால் ஈரத்தில் கால் வைத்தால் புதினா வாசனை புடவை வரைக்கும் ஏறும். என் பெருமையைச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன், விடுங்கள்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. யார் சமைத்தாலும் பரிமாறுவது மூத்த மருமகள். அதாவது என் ஓரகத்தி வசந்தா அக்கா. வில்லியனூரில் வளர்ந்தவர், தோட்டத்துப் பக்கம் கால் வைக்கமாட்டார். அடுப்புப் புகையில் நான் வெந்துகொண்டிருப்பேன். அவர் முகம் கழுவிப் பொட்டு வைத்து, பூவும் வைத்துக்கொண்டு வந்து கரண்டியைப் பிடிப்பார். மாமனார் பச்சடியை வழித்துச் சாப்பிட்டுவிட்டுச் சொல்வார்: "பெரியவ கைப்பக்குவமே தனி."

அக்கா ஒருநாளும் மறுத்ததில்லை. "இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க மாமா" என்பார். என் கணவரிடம் புலம்பினால், "சாப்பாடு நல்லா இருக்குதுல்ல, அத்த வுடு" என்பார்.

மாமனார் ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அது கிடைக்காது என்று தெரிந்த பிறகு, அக்காவை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைத்தால் போதும் என்று தோன்றியது.

அக்கா மகளுக்குச் சம்பந்தம் பேச பாகூரிலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா வயலில் இறங்கி வேலை செய்கிறவர். சாப்பிடும்போது கேட்டார்.

"இது இன்னா கீரை? யாரு செஞ்சது?"

"பொன்னாங்கண்ணி. நான்தான் செஞ்சேன். நம்ம தோட்டத்துதுதான்" என்றார் அக்கா.

"அப்ப போவும்போது ஒரு கை பறிச்சிக் குடுங்க. நட்டுப் பாக்கறேன்."

அக்கா என்னைத் தேடிப் பின்கட்டுக்கு வந்தார். "பொன்னாங்கண்ணி எதுடி?" என்று மெல்லக் கேட்டார்.

"நீங்க செஞ்சதுதானக்கா. உங்களுக்குத் தெரியாததா?" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் தேய்த்தேன்.

அக்கா பறித்துக்கொண்டு போனதை அந்த அம்மாள் புரட்டிப் பார்த்தார். "இது மாட்டுக்குப் போடற பில்லாச்சே" என்றார். கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அக்கா முகம் செத்துப்போயிற்று. அன்றைக்கு நான் சாப்பிடாமலே எனக்கு வயிறு நிறைந்தது.

ஆனால் மாமனார் நிதானமாக, "வெயில்ல பெரியவளுக்குக் கண்ணு இருட்டிகினு வந்துருக்கும். சின்னவளே, நீ போயி பறிச்சாந்து குடு" என்றார். அதோடு பேச்சு அடங்கியது. கல்யாணமும் நடந்தது. மறுநாளே பெரியவள் கைப்பக்குவம் திரும்பி வந்துவிட்டது.

மாமனார் திவசம் எங்கள் வீட்டில் நடப்பது இன்றைக்குத்தான் முதல் தடவை. கரண்டி என் கையில். அக்காவுக்கு இப்போது முட்டிவலி, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். படையல் இலையில் எல்லாவற்றையும் நானே பரிமாறினேன். காக்காய்க்கு எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கும் நானே போனேன்.

கத்திக் கத்தித் தொண்டை வறண்டதுதான் மிச்சம். தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்திருந்த காக்காய் சோற்றைப் பார்த்தது, இறங்கவில்லை. காக்காய் எடுக்காமல் வீட்டில் யாரும் சாப்பிட முடியாது. கீழேயிருந்து என் கணவர், "அண்ணிய வச்சிப் பாக்கச் சொல்லேன்" என்றார். அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்து ஓர் உருண்டை வைத்தார். உடனே இறங்கியது, துணைக்கு இன்னொன்றையும் கூட்டிக்கொண்டு.

"செத்தும் உங்க கைதான் வேணுமாம் அவருக்கு" என்றேன்.

அக்கா படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். "சமைக்கறது நீன்னு அவருக்குத் தெரியும்டி. நீ வந்த வருசமே யாரு சமைக்கறதுன்னு என்னக் கேட்டாரு. சின்னவ எப்படியும் சமைப்பா, ஒன்னத்தான் ஒசத்திச் சொல்லி வைக்கணும், இல்லன்னா நீ தனிக்குடித்தனம் பூடுவன்னாரு" என்றார். ஊர்ச்செய்தி சொல்வதுபோலத்தான் சொன்னார்.

மாமனார் தெரிந்தே சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு மத்தியானமும், நான் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்பது தெரிந்தே. இத்தனை வருஷ விஷத்தையும் முட்டிவலிக்காரி ஒருத்திமேல் கொட்டித் தீர்த்திருக்கிறேன். எனக்குச் சேர வேண்டிய பேரை அக்காவுக்கு எடுத்துக் கொடுத்து அவர் கட்டிக் காத்த வீடு, அவர் போனதும் நடுவில் சுவர் வைத்துப் பிரிந்தது. கொல்லையை மனை போட்டு விற்றார்கள். வாய்க்கால் இருந்த இடத்தில் யாரோ கார் நிறுத்துகிறார்கள். சண்டை போடலாம் என்றால் அந்த மனுஷனும் இல்லை, மாலை போட்ட படம்தான் இருக்கிறது.

கீழே வந்தேன். படையல் இலையில் மகன் உட்கார்ந்து சாப்பிடுவதுதான் முறை. என் கணவர் வேட்டியை மடித்துக்கொண்டு உட்காரப் போனார். "தள்ளுங்க" என்று சொல்லிவிட்டு நான் உட்கார்ந்தேன். மாமனார் படத்தைப் பார்த்தபடியே சாப்பிட்டேன். ஒரு பருக்கைகூட அவருக்கு மிச்சம் வைக்கவில்லை.