அபயாம்பாளுக்கு ஓர் ஒத்தாசை

மந்தைவெளி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து முப்பத்தெட்டு வருஷம். அதில் அபயாம்பாளுக்கென்று கிடைத்தது கொல்லையில் கிடந்த பழைய துவைக்கும் தொட்டி ஒன்றுதான். அதையும் யாரும் மனமுவந்து கொடுக்கவில்லை. வாஷிங் மெஷின் வந்தபின் அது யாருக்கும் வேண்டாததாகிப் போயிருந்தது, அவ்வளவுதான்.

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே தொட்டியில் களிமண் கொட்டி நீல அல்லிக் கிழங்கு ஊன்றினாள். இரண்டு வருஷம் வெறும் இலைதான். மழைக்கு அழையாமல் வந்த தவளைகள் அங்கேயே தங்கிக் கொசு அண்டாமல் பார்த்துக்கொண்டன. கணவர் பத்ரிநாராயணன் கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. குடித்த காபி டம்ளரைக்கூட உட்கார்ந்த இடத்திலேயே விட்டுவிட்டு எழுந்து போகிற மனுஷர் அவர்.

மூன்றாம் வருஷம் ஆவணியில், தங்கையின் கண் ஆபரேஷனுக்காகப் பெங்களூர் கிளம்பிய காலையில், இலைகளுக்கு நடுவே ஒரு மொட்டு தலைதூக்கியிருந்தது. பயணமே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தாள்.

"ஏன்னா, நாலஞ்சு நாள்ல பூத்துடும். ஒரே ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கோ, போறும்."

"சரி, சரி" என்றார், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஐந்தாம் நாள் போட்டோ வந்தது. கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு திறந்தாள். பளிச்சென்று ஒரு காலித் தொட்டி. பின்னாலேயே போனும் வந்தது.

"அபயம், தொட்டி பூரா கறுப்புக் கறுப்பா கொசுப்புழு நெளிஞ்சிண்டிருந்துதுடீ! விடுவேனா? ப்ளீச்சிங் பவுடரைக் கொட்டி, எல்லாத்தையும் வாரிப் போட்டுட்டு, நானே தேச்சு அலம்பிட்டேன். நீ வந்து கஷ்டப்பட வேண்டாம் பாரு."

"தலை பெரிசா, வாலோட இருந்துதா?"

"ஆமாம்."

"அது தவளைக்குஞ்சுன்னா. தலைப்பிரட்டை. மொட்டு என்னாச்சு?"

"எந்த மொட்டு?"

தங்கை சமாதானம் சொன்னாள்: "பாவம், உனக்காகத்தானே பண்ணினார்!" அதுதான் அபயாம்பாளுக்கு ஆறவேயில்லை. வாய்விட்டுத் திட்டக்கூட வழியில்லாமல் செய்துவிட்டாரே!

இப்போது ஐப்பசி மழைத் தண்ணீர் தொட்டியில் தேங்கி, நிஜமான கொசுப்புழு நெளிகிறது. அவள் அந்தப் பக்கம் போவதேயில்லை. சாயங்காலமானால் பத்ரிநாராயணன் கொசு பேட்டும் கையுமாகக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களிடம் பெருமையடிப்பார்.

"ஆத்துக் காரியம் நானும்தான் பண்றேன். கொல்லைத் தொட்டியை யார் அலம்பினா, அவளையே கேளுங்கோ."

"ஆமாம்" என்பாள் அபயாம்பாள், அவர் காலடியில் கிடக்கும் டம்ளரை எடுத்துக்கொண்டே. "முப்பத்தெட்டு வருஷத்துல ஒரே ஒரு காரியம் பண்ணினார். அதையும் பண்ணாமலே இருந்திருக்கலாம்."

வந்தவர்கள் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.