துண்டு கிடந்த ஸ்ட்ரெச்சர்

பீட்டர்ராஜ் எங்கள் தெருக்காரர். வடுகபட்டிப் பூண்டுச் சந்தையில் மூட்டை தூக்கியவர். இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகு, தூக்குவதைவிடத் தள்ளுவது எளிது என்று ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் ஒப்பந்த ஆளாகச் சேர்ந்தார். எந்த மருத்துவமனை என்று எழுத வேண்டாமெனக் கேட்டுக்கொண்டார், எழுதவில்லை. கீழே உள்ளதில் பெரும்பகுதியை, வயிற்றுவலியோடு அங்கே சுவரோரம் உட்கார்ந்திருந்தபோது நானே பார்த்தேன். மற்றது அவர் சொன்னது.

ஸ்ட்ரெச்சர் தள்ளுவது அவர் வேலை என்றாலும், நாளில் பாதி அதைத் தேடுவதிலேயே போய்விடும். கட்டில்கள் நிரம்பியதும் நோயாளிகள் ஸ்ட்ரெச்சரிலேயே கிடக்கிறார்கள். அடுத்து வருகிறவரை ஏற்ற வண்டி இருக்காது. கூட்டம் வேறு. ஒருவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் இங்கே வேன் பிடித்துத் தெருவே வரும். முகத்தைப் பார்க்காமல் திரும்பினால் சொந்தத்தில் பேச்சாகிவிடும். பீட்டர்ராஜ் யாரையும் வைய மாட்டார். "ரத்தம் குடுக்க ஆளு வேணுமாம், யாரு வாரீக?" என்று கேட்பார். வராந்தாவில் வழி கிடைத்துவிடும்.

இன்னொரு பழக்கத்தையும் அவர்தான் கொண்டுவந்தார். நோயாளியை ஸ்கேனுக்கு வீல்சேரில் அழைத்துப் போகிறவர்களிடம், "ஸ்ட்ரெச்சர்ல துண்டைப் போட்டுட்டுப் போங்க, இல்லாட்டி வேற ஆளு ஏறிருவாக" என்று சொல்லிவைத்தார். பேருந்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கும் ஜனங்களுக்கு அது உடனே பிடிபட்டது. சண்டை குறைந்தது. துண்டு கிடந்தால் யாரும் தொடுவதில்லை.

வீரபாண்டித் திருவிழா வாரம், உச்சிவெயில் நேரம். வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்ட வேலைக்குப் போன ராமுத்தாய் பின் இருக்கையில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். உதடு கறுத்திருந்தது. மகன் வைகுண்டராஜ் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தான்.

செவிலியர் ஜான்சி எட்டிப் பார்த்தார். "உடனே ஆக்சிஜன் வைக்கணும். ஏத்திக் கொண்டாங்கண்ணே."

தரையில் கிடத்த முடியாது. சுவரிலிருந்து வரும் ஆக்சிஜன் குழாய் அவ்வளவு தாழ்வாக எட்டாது. உள்ளே ஒரே ஒரு ஸ்ட்ரெச்சர் காலியாக இருந்தது. அதன்மேல் பச்சைத் துண்டு ஒன்று கிடந்தது. பக்கத்தில் கர்ணன் என்ற பெரியகுளத்து இளைஞன் நின்றான்.

"அப்பாவ ஸ்கேனுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காக," என்றான். "தோப்புல மயங்கி விழுந்தவரு. படுக்கத்தான் வைக்கணும்னு டாக்டர் சொல்லிருக்காக."

"தெரியும் தம்பி. அங்கன ஒரு அம்மா மூச்சு விட முடியாமக் கெடக்காக."

"துண்டு போடச் சொன்னதே நீங்கதானேண்ணே?"

பீட்டர்ராஜ் ஸ்ட்ரெச்சர் பக்கம் குனிந்தார். துண்டை எடுத்தார். அதை அவனிடம் நீட்டாமல் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஒன் துண்டு எங்கிட்ட இருக்கு. அப்பா வந்ததும் என்னையப் புடி."

"எங்கன இருந்து எடம் குடுப்பீக?"

"தெரியல."

கர்ணன் ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்தபடியே நின்றான். பிறகு வாசலில் நின்ற ஜீப்பைப் பார்த்தான். கையை எடுத்தான்.

ராமுத்தாய்க்கு ஆக்சிஜன் வைத்து முடிப்பதற்குள் கர்ணனின் அப்பா வீல்சேரில் திரும்பி வந்துவிட்டார். தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. உடம்பு கீழே சரிந்துகொண்டே போயிற்று. பீட்டர்ராஜ் அறை முழுக்கச் சுற்றினார். கர்ணன் அவர் பின்னாலேயே சுற்றினான். எங்கும் இடமில்லை. மிச்சமிருந்தது வராந்தாவில் ஊழியர்கள் உட்கார்ந்து சாப்பிடும் பெஞ்சுதான். அதை உத்தமபாளையத்திலிருந்து வேனில் வந்த கூட்டம் பிடித்திருந்தது.

"ரத்தம் குடுக்க யாரு வாரீக?"

பெஞ்சு காலியானது. ஒரு கிழவி மட்டும் முழங்கைக்கு மேலே ரவிக்கையை ஏற்றிவிட்டுக் கையை நீட்டினாள். "எடு. இருக்கறதே கொஞ்சம், பாத்து எடு."

"நீ குடுக்க வேணாம் ஆத்தா. எந்திரி."

"அப்பறம் எதுக்குக் கேட்ட?"

"பெஞ்சுக்கு."

"ஏலே, அதச் சொல்ல வேண்டியதுதான?" என்று எழுந்தாள்.

பெஞ்சு நீளம் போதவில்லை. பீட்டர்ராஜ் பச்சைத் துண்டைச் சுருட்டிப் பெரியவரின் தலைக்கு வைத்தார். கர்ணன் தரையில் உட்கார்ந்து, வெளியே நீண்ட அப்பாவின் கால்களைத் தன் தோளில் தாங்கிக்கொண்டான்.

"இம்புட்டுத்தானாண்ணே?"

"இம்புட்டுத்தான் தம்பி."

பெஞ்சு போய்விட்டதால் பீட்டர்ராஜ் தூண் பக்கமாக நின்றபடி சாப்பிட்டார். டிபன் பாக்ஸை மூடுவதற்குள் வாசலில் ஒரு ஆட்டோ விடாமல் ஹாரன் அடித்தது. திரும்பவும் உள்ளே வந்து தேடினார்.

ராமுத்தாய்க்கு மூச்சு நிதானத்துக்கு வந்திருந்தது. வைகுண்டராஜ் அவரை வீல்சேரில் உட்கார வைத்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து ஸ்ட்ரெச்சரில் விரித்துக்கொண்டிருந்தான்.

"எக்ஸ்ரேக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்றாகண்ணே. துண்டு போட்டுட்டுப் போகணுமாமே, இங்கன சொன்னாக."

பீட்டர்ராஜ் துண்டைப் பார்த்தார். ஹாரன் நிற்கவில்லை.

"கையோட எடுத்துட்டுப் போ தம்பி."

"திரும்பி வந்தா அம்மாவ எங்கன படுக்க வைக்க?"

"வந்ததும் என்னையப் புடி."

ஸ்ட்ரெச்சரை வாசல் பக்கம் திருப்பினார். அதன் முன்சக்கரம் ஒன்று எப்போதும் இடதுபக்கம் இழுக்கும். இடுப்பைக் கொடுத்துத்தான் நேராக்க வேண்டும்.