கண் திறக்காத ஆறு கிருஷ்ணர்கள்

அன்று சந்தையில் இருந்தவர்கள்: நான், என் மச்சான், தங்கரேக்குக் கடைக்காரர், பிறகு வந்த ஓர் அம்மாள், கடைசியாக ஒரு ஜட்காக்காரர். கூடவே வெண்ணெய்க் கிருஷ்ணர்கள் பன்னிரண்டு பேர். மச்சான் வரைந்த ஆறு பேருக்குக் கண் இருந்தது. நான் வரைந்த ஆறு பேருக்கு இல்லை.

குற்றம் என்னுடையதுதான். படத்தில் கண்ணைக் கடைசியில்தான் எழுதுவோம், அதுவும் நல்ல வேளை பார்த்து. முதல் நாள் காலையில் தூரிகையை எடுத்தேன், பல்லி சொல்லிற்று. மத்தியானம் ராகுகாலம். சாயங்காலம் எடுத்தேன், மறுபடியும் பல்லி. விடிந்ததும் படங்களை அப்படியே கட்டிக்கொண்டு, ஸ்ரீரங்கத்திலிருந்து பாலம் தாண்டித் திருச்சிக்கு வந்துவிட்டோம்.

மலைக்கோட்டைக்குக் கீழே கோணியை விரித்தோம். பக்கத்திலேயே ரேக்குக் கடைக்காரர் முக்காலி போட்டு உட்கார்ந்தார். படங்களில் ஒட்டிய தங்கரேக்குக்கு நான் அவருக்குப் பன்னிரண்டு ரூபாய் தர வேண்டும்.

"சாயங்காலத்துக்குள்ள பணம் வரலேன்னா உங்க படம் ஆறையும் எடுத்துட்டுப் போயிடுவேங்க. சொல்லிட்டேன்" என்றார்.

படம் இரண்டு ரூபாய். ஆறும் விற்றால் கடன் சரியாகத் தீரும். ஒன்று நின்றாலும் போச்சு. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் இந்தக் கணக்கைக் காலையிலிருந்து நூறு தடவை போட்டிருந்தேன்.

"மாப்ளே, உங்க கிருஷ்ணனுக்குக் கண் நோவா?" என்றார் மச்சான். சந்தையே சிரித்தது.

அப்போதுதான் அந்த அம்மாள் வந்தார். என் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுக்கு இங்கயே கண்ணு தொறப்பீங்களா? எங்க வீட்டுக்கு வர்ற இந்தக் குழந்தை மொதல்ல என்னைத்தான் பாக்கணும்."

பல்லி ஏதும் சொல்லிவிடுமோ என்று சுற்றிலும் பார்த்தேன். திறந்த வெளியில் பல்லிக்கு எங்கே போவது! அந்த அம்மாளை எதிரே நிற்க வைத்து, சூடம் ஏற்றி, இரண்டு கண்ணையும் எழுதினேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு இரண்டு ரூபாயை எடுத்து வைத்தார்.

அவ்வளவுதான், கூட்டம் கூடிவிட்டது. எல்லோருக்கும் தங்களைப் பார்க்கும் கிருஷ்ணன்தான் வேண்டும். மச்சானுடைய படங்களை ஒருவரும் தொடவில்லை.

"இது யாரைப் பாத்துத் தொறந்த கண்ணோ" என்று நகர்ந்தார்கள்.

ஐந்து படம் போனதும் மச்சான் மெதுவாகக் கேட்டார்: "மாப்ளே, கொஞ்சம் வெள்ளை வர்ணம் இருக்கா? என் பசங்க கண்ணை மூடிடறேன்."

ஆறாவது படத்தின் முன்னால் ஜட்காக்காரர் வந்து நின்றார். "தொறங்க, தொறங்க" என்று அவசரப்படுத்தினார். திறந்தேன். அப்புறம்தான் மடியைத் தடவினார். இருந்தது பன்னிரண்டு அணா.

"வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க சாமி."

பார்த்துக்கொண்டே நின்ற அந்த அம்மாள் விடவில்லை. "அது எப்படி? உங்களைப் பாத்துடுச்சு. இனிமே அது உங்க புள்ள. வேற யார் வாங்குவா?"

உண்மைதான், வேறு யாரும் வாங்க மாட்டார்கள். படத்தைக் கொடுத்துவிட்டு, கையிலிருந்த பத்து ரூபாய் பன்னிரண்டு அணாவை ரேக்குக் கடைக்காரரிடம் நீட்டினேன். எண்ணிப் பார்த்தார்.

"மீதி அடுத்த மாசம் குடுங்க. எடுத்துட்டுப் போக இங்க என்ன இருக்கு?" என்று முக்காலியைத் தூக்கிக்கொண்டார்.

அவர் பாக்கியை அடுத்த மாதமே தீர்த்துவிட்டேன். ஜட்காக்காரர் மட்டும் என்னைக் கண்ட இடத்திலெல்லாம் வண்டியை நிறுத்தாமலே, "உங்க கிருஷ்ணன் சௌக்கியமா இருக்காருங்க!" என்று கத்திவிட்டுப் போவார். அவரிடமிருந்து எனக்கு இன்னும் வர வேண்டியது ஒரு ரூபாய் நாலணா.