தோள் தளர்ந்தபோது பாரம் வாங்கிய மாகறலீசன்

போன தை மாதம் முழுக்க நான் ஒழுங்காகச் சாப்பிட்டேனா, தூங்கினேனா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. காலையில் எழுந்ததும் போனில் மின்னஞ்சலைப் பார்ப்பேன். 'வருந்துகிறோம்' என்று ஒன்று வந்திருக்கும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்வேன்.

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் மாகறல் எங்கள் ஊர். பயிர் வைக்கிற குடும்பம். எங்கள் வீட்டில் படித்த முதல் ஆள் நான்தான். ரோபோக்களில் ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கினேன். யாரும் ஓட்டாமல் தானே வழி பார்த்துப் போகிற ரோபோக்கள் அவை. நாலு ரோபோ சேர்ந்து, இடிந்து விழுந்த கட்டடத்துக்குள்ளிருந்து அடிபட்டவரைத் தூக்கி வர வேண்டும். அதுதான் என் கனவு.

பட்டம் வாங்கினால் வழி திறக்கும் என்று நம்பினேன். திறக்கவில்லை. இளம் ஆய்வாளர்களுக்கென்று வாய்ப்புகள் இருக்கின்றன. ஆனால் பட்டம் பெற்ற சில வருடங்களுக்குள் கிடைத்தால்தான் உண்டு. அதற்குப் பிறகு 'இளம்' என்ற சொல் நமக்கு இல்லை. விண்ணப்பம் போட்ட இடமெல்லாம் மறுத்தார்கள். சில இடங்களில் மறுக்கக்கூட இல்லை, பதிலே வரவில்லை. கடைசியாக ஒரே ஒரு நேர்காணல் மீதி இருந்தது. அதுவும் தவறினால் இந்தத் துறையே எனக்கு முடிந்தது.

வீட்டில் வைத்துப் பழக்கிக்கொண்டிருந்த ரோபோக்களும் கைகொடுக்கவில்லை. அவை வயர்லெஸ்ஸில் ஒன்றோடொன்று பேசிக்கொண்டுதான், அடிபட்டவரைக் கிடத்தும் பலகையைத் தூக்கிப் போகும். சிக்னல் விட்டால் ஒன்று நின்றுவிடும், மற்றவை இழுக்கும், பலகை சரிந்து விழும். இடிந்த கட்டடத்துக்குள் சிக்னலுக்கு எங்கே போவது? ஒவ்வொரு நேர்காணலிலும் இந்தக் கேள்வியில்தான் தோற்றேன்.

ஊரிலோ என்னை டாக்டர் என்று கூப்பிட்டார்கள். டீக்கடையில் ஒருவர் நிஜமாகவே, "டாக்டரே, எங்க பசு நேத்துலருந்து தீனி எடுக்கல, வந்து பாருப்பா" என்றார். பக்கத்தில் இருந்தவர், "இவரு மிஷினுக்கு டாக்டருய்யா. உன் பசு பேட்டரில ஓடுதா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அப்பா எதுவும் கேட்க மாட்டார். ஒருநாள் மட்டும், "இன்னும் எத்தினி நாளைக்குப்பா இப்டியே பாத்துக்கினு இருக்கிறது? வேற எதுனா வேலைக்குப் போயிடேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அன்று செய்யாற்றங்கரையில் போய் உட்கார்ந்தேன். இருந்து என்ன ஆகப் போகிறது என்றுகூடத் தோன்றியது.

மாகறலீசர் கோயிலில் மாசித் திருவிழா வந்தது. நான் கோயில் பக்கமே போகவில்லை. என்னோடு படித்து, இப்போது லோடு வண்டி ஓட்டுகிற சேகர் சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டான்.

"சாமி தூக்க ஆள் கொறையுது, வாடா."

"எனக்குப் பழக்கமில்லடா."

"மிஷினத் தூக்கச் சொல்லி உயிர வாங்குற. நீ தூக்க மாட்டியா?"

போனேன். ரிஷப வாகனத்தில் சாமி. வாகனத்தைச் சுமக்கும் தண்டுக்கு அடியில் தோள் கொடுத்தேன். மனசுக்குள் சொன்னேன்: 'ஈசனே, இந்த ஊரில் பொன் உடும்பாக ஓடி, துரத்தி வந்த மன்னனுக்கு வழி காட்டியவன் நீ. எனக்கும் காட்டு. முடியாதென்றால் இந்த ஆசையை என்னிடமிருந்து எடுத்துவிடு. சுமக்க முடியவில்லை.'

மேளச் சத்தத்தில் பக்கத்து ஆள் பேசுவதே கேட்காது. காலையிலிருந்து நான் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. தெருத் திருப்பத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. முட்டி மடங்கியது. என்னால் சாமி சாய்ந்துவிடுமோ என்று பயந்தேன். குரல் எழும்பவில்லை. கத்தியிருந்தாலும் யாருக்கும் கேட்டிருக்காது.

அப்போது என் தோளில் இருந்த கனம் குறைந்தது. தண்டு மேலே எழும்பியது. சாமி சாயவில்லை. நாலு எட்டு வெறுமனே நடந்தேன். கால் ஊன்றிக்கொண்டதும் பாரம் கொஞ்சம் கொஞ்சமாக என் தோளுக்குத் திரும்பி வந்தது.

தீபாராதனைக்கு நின்றபோது சேகரிடம் கேட்டேன்: "நான் விழப் போனத எப்டிடா பாத்த?"

"நீ எப்ப விழப் போன?"

முன்னால் நின்றவர் திரும்பாமலே சொன்னார்: "தண்டு கனமாச்சு, வாங்கினோம். யாரு விட்டாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

யாரும் என்னைப் பார்க்கவில்லை. யாருக்கும் யாரும் சொல்லவில்லை. பாரம்தான் சொல்லியிருக்கிறது. நான் அந்த இடத்திலேயே அழுதேன். பேசாமல், சுமை வழியாகவே ஒன்றையொன்று அறிகிற ரோபோக்களைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள், நானும் படித்திருக்கிறேன். ஆனால் என் முட்டி மடங்கிய பிறகுதான் அது எனக்குப் புரிந்தது.

மறுநாளே வயர்லெஸ்ஸை அணைத்தேன். பலகையின் கனத்தை உணரும் சென்சார்களை மட்டும் நம்பச் சொல்லி நிரலை எழுதினேன். பலகை பல தடவை விழுந்தது. நேர்காணலுக்குப் போகும்போதும் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. அவர்கள் முன்னால் ஒரு ரோபோவை நானே அணைத்தேன். பலகை ஒரு பக்கம் தாழ்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது மற்ற மூன்றும் அதன் பாரத்தை வாங்கிக்கொண்டிருந்தன.

அந்த இடம் எனக்குக் கிடைத்தது. அப்பாவிடம் சொன்னபோது, "மாகறலீசா" என்று மட்டும் சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டார். கிடைத்ததுகூட நிரந்தர வேலை இல்லை. காலம் முடிந்ததும் மறுபடி தேட வேண்டும். இன்றும் பலகை விழுகிற நாட்கள்தான் அதிகம். ஆனால் காலையில் இப்போது திருநீறு வைத்துக்கொண்ட பிறகே போனைத் தொடுகிறேன். எது வந்திருந்தாலும் மறுபடி படுத்துக்கொள்வதில்லை.

என்னைப் போலவே மறுப்புகளை வாங்கிக்கொண்டு அறைக்குள் கிடக்கிற தம்பி, தங்கைகள் இதைப் படிக்கலாம். அறையை விட்டு வெளியே வாருங்கள். ஆட்கள் நிற்கிற இடத்தில் போய் நில்லுங்கள். எதற்காகக் கும்பிடுவது என்று தெரியாவிட்டாலும் கும்பிடுங்கள். கனம் தாங்கவில்லை என்று சொல்ல உங்களுக்குக் குரல் வராமல் போகலாம். பரவாயில்லை. ஈசனுக்குத் தோளில் தெரியும்.