ஹஸ்னா கீழே வைத்த கோப்பை

ஹஸ்னாவுக்கு வாய் நீளம் என்பார்கள் தர்ஆ நகரத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள். கத்தரிக்காய் ஊறுகாய் விற்றுப் பிழைக்கிறவளுக்கு வாயும் இல்லாவிட்டால் என்னதான் மிஞ்சும்? போர் நடந்தபோது அவள் மகன் ராகானைச் சோதனைச் சாவடியில் ராணுவத்தார் பிடித்துப் போனார்கள். அவன் திரும்பவில்லை.

நாட்டை ஆண்ட சர்வாதிகாரி ஓடிப்போன மறுநாளே ஊர் முழுக்க மண்வெட்டியோடு பழைய செங்கல் சூளைக்குக் கிளம்பியது. பிடித்துப்போனவர்களைக் கொன்று அங்கேதான் புதைத்திருந்தார்கள். ஹஸ்னா போய் அந்த மண்ணின் மேல் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"எம்புள்ளையும் இதுக்குள்ளதான் கிடக்கான். கண்டபடி கிளறினா தடயம் அழிஞ்சிரும். எலும்பு கிடைக்கும், நியாயம் கிடைக்காது. அந்த வேலை தெரிஞ்சவங்க வந்து தோண்டட்டும்."

ஏசினார்கள், அழுதார்கள், கடைசியில் வீட்டுக்குப் போனார்கள்.

அந்த வேலை தெரிந்தவர்கள் வந்து தோண்டினார்கள். கொல்லச் சொன்ன அதிகாரியும் பிடிபட்டான். ஆனால் தனக்கு ஒன்றுமே தெரியாது என்று சாதித்தான், பாவி. அவன் போட்ட உத்தரவைக் காதால் கேட்டவர்களில் ஒருவன்தான் உயிரோடு இருந்தான். குழி தோண்டிய மண்வாரி வண்டியை ஓட்டிய ஃபவ்வாஸ். அவன் சாட்சி சொல்லாவிட்டால் அதிகாரி வெளியே வந்துவிடுவான்.

ஹஸ்னா நேராக ஃபவ்வாஸின் வீட்டு விருந்தினர் கூடத்துக்குப் போனாள். ஆண்கள் நிறைந்திருந்தார்கள். அவனுடைய பெரியப்பா கசப்புக் காப்பியை ஊற்றிக் கொடுத்தார். அவள் குடிக்காமல் கோப்பையைக் கீழே வைத்தாள். கூடமே அடங்கிவிட்டது. அப்படி வைத்தால் கேட்க ஒன்று இருக்கிறது என்று பொருள். கேட்டது கிடைக்காமல், குடிக்காமலே எழுந்து போனால் அந்த வீட்டுக்குத் தீராத தலைகுனிவு.

"பொம்பளைங்க கோப்பையைக் கீழ வைக்கிற வழக்கம் இங்க இல்லம்மா" என்றார் பெரியப்பா.

"மீசை வச்சவங்க யாராவது வைப்பாங்கன்னு பார்த்தேன். ஒருத்தரையும் காணோம். ஃபவ்வாஸ், கோர்ட்டுக்கு வந்து சொல்லு."

"வேற எது வேணாலும் கேளுங்க பெரியம்மா. வண்டி ஓட்டினது நான்தானே? என்னையும் உள்ள தள்ளிடுவாங்க."

"தள்ளினாலும் தள்ளுவாங்க. பொய் சொல்ல மாட்டேன். அப்படி ஆச்சுன்னா ஊறுகாய் நான் கொண்டாந்து தர்றேன்."

இரண்டு பேர் சிரித்தார்கள். ஃபவ்வாஸ் சிரிக்கவில்லை.

"கழுத்துல துப்பாக்கியை வச்சாங்க பெரியம்மா."

"அதையும் சேர்த்துச் சொல்லு. அன்னைக்கப்புறம் நீ நிம்மதியாத் தூங்கினியா?"

காப்பி ஆறிக்கொண்டிருந்தது. ஃபவ்வாஸ் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எல்லாருக்கும் கண்ணைக் கட்டியிருந்தாங்க. உங்க ராகான் அதுல இருந்தானான்னு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது" என்று சொல்லும்போதே உடைந்து அழுதான். ஹஸ்னா அப்போதும் கோப்பையைத் தொடவில்லை.

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "குடிங்க பெரியம்மா. கோர்ட்டுக்கு நான் வர்றேன்."

ஆறிப்போன காப்பியை அவள் ஒரே மடக்கில் குடித்தாள். போதும் என்றால் வெறும் கோப்பையை லேசாக ஆட்டிக் கொடுக்க வேண்டும். அவள் ஆட்டவில்லை. அவனிடமே நீட்டினாள்.

"இதுல நீ ஊத்து, சூடா. காலையில ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம்."