பொட்டு வைத்த சீமாட்டி

அலுவலக மேசையைச் சுற்றி நால்வர் இருந்தோம்: அம்மா, ஓகூஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ரயிலேறி வந்த நான், கொம்யூன் என்னும் டேனிஷ் நகராட்சியில் அம்மாவுக்கு மேலதிகாரியான பெண், இறந்துபோன மூதாட்டியின் அக்கா மகன். அப்பா இல்லை. பிராண்டே ஊர்த் தொழிற்சாலையில் அவருக்கு ஷிப்ட் மாற்றக் கிடைக்கவில்லை. வந்து ஒரு சொல் சொல்லியிருக்க வேண்டியவர் அந்த மூதாட்டிதான். அவர் மார்கழியில் இறந்துவிட்டார்.

சுவரோடு சாத்தி, எங்கள் வீட்டுப் படுக்கை விரிப்பால் சுற்றியபடி, அந்தப் படம் நின்றது.

அம்மா நான்கு வருடம் அந்த மூதாட்டியைப் பராமரித்தவர். குளிக்க வார்த்து, மருந்து கொடுத்து, இறுக்கமான காலுறையை மல்லுக்கட்டி மாட்டிவிடுவார். முதியோர் இல்லத்துக்குப் போகும் நாளில் மூதாட்டி சுவரிலிருந்த படத்தைக் கழற்றச் சொன்னாராம். வெண்பட்டு உடுத்த ஆங்கிலேயச் சீமாட்டி. "இவளைத் தனியே விடாதே, நீ கொண்டுபோ" என்றாராம். பராமரிக்கப் போகும் வீட்டில் பரிசு வாங்கக்கூடாது என்ற விதியை, அம்மா வேலைக்குச் சேர்ந்தபோது டேனிஷில் வாசித்துத் தமிழில் சொன்னவனே நான்.

"போகப்போற மனிசி ரெண்டு கையாலயும் தாறதை வேண்டாம் எண்டு சொல்லலாமே?" என்றார் அம்மா.

சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் ஆணி அடித்தோம். வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையாருக்கும், செத்துப்போன அப்பப்பாவுக்கும், பிறகு சீமாட்டிக்கும் சந்தனமும் குங்குமமும். "உன்ர வெள்ளைக்காரச் சம்பந்தி சாப்பிட்டாவோ?" என்று அப்பா நையாண்டி பண்ணுவார். "புருசன் இருக்கேக்க கீறின படம். வெறும் நெத்தியோட விடுறதே?" என்பார் அம்மா, சீமாட்டியின் விரலிலிருந்த மோதிரத்தைக் காட்டி.

படத்தின் பின்பக்கத்தில் பழைய தாள்கள் ஒட்டியிருந்தன. எங்கள் பரம்பரையில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். எழுத்தைக் கண்டால் சும்மா இருக்கமாட்டேன். ஒரு மாதம் நூலகத்தில் கிடந்து கண்டுபிடித்தேன். ஒரு பிரபு தன் மனைவியை வரைவித்தார். அவர் பேரன் கடனில் மூழ்கி லண்டன் வியாபாரியிடம் விற்றான். இங்கிலாந்துக்கு வெண்ணெய் ஏற்றிய டேனிஷ்காரர் ஒருவர் வாங்கி வந்தார். அவருடைய பேத்திதான் அந்த மூதாட்டி. இதையெல்லாம் வரிசையாக எழுதி, சீமாட்டியின் பெயர் என்ன என்று கேட்டு, ஓர் ஏல நிறுவனத்துக்கு அனுப்பினேன். பொய் எழுதக்கூடாதென்று கடைசி வரியையும் சேர்த்தேன்: "பின்னர், வீட்டுப் பராமரிப்பாளரான என் தாய்க்கு அன்பளிப்பு."

அவர்கள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மூதாட்டியின் உறவினரைக் கேட்டார்கள்.

நான் எழுதிய அந்தத் தாள்தான் இப்போது மேசையில் கிடந்தது, கடைசி வரியின் கீழே சிவப்புக் கோட்டுடன்.

"இது உங்கள் மகன் எழுதியதா?" என்று கேட்டார் மேலதிகாரி.

அம்மா என் பக்கம் திரும்பினார். "தம்பி, அவதான் தந்தவ எண்டு சொல்லு. உனக்கு வடிவாக் கதைக்கத் தெரியும்தானே."

சொன்னேன். ஒவ்வொரு வசனமும் பிழையில்லாத டேனிஷ். என் காதுக்கே அது திருடனின் பேச்சுப் போல இருந்தது.

"சாட்சி உண்டா?" என்றார் அக்கா மகன்.

"இல்லை" என்றேன்.

அவ்வளவு டேனிஷ் அம்மாவுக்கும் விளங்கியது. எழுந்துபோய் விரிப்பை அவிழ்த்தார். "பாக்கட்டும். ஒரு தூசி இருக்கே? என்ர பிள்ளையைப்போலப் பாத்தனான்."

சீமாட்டியின் நெற்றியில், கண்ணாடி இல்லாத அந்த எண்ணெய் வர்ணத்தின்மேல், குங்குமம் ஊறிச் சிவந்திருந்தது. அக்கா மகன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். மேலதிகாரி கையால் வாயைப் பொத்தினார். அம்மா ஒன்றும் விளங்காமல் என்னையே பார்த்தார்.

"என்னடா? பொட்டுத்தானே?"

அதை எந்த டேனிஷ் சொல்லால் சொல்வது?

அம்மாவின் வேலை அன்றோடு போயிற்று. நெற்றியைச் சரிசெய்யும் செலவை நாங்கள் கட்டினால் பொலிசுக்குப் போவதில்லை என்றார் அக்கா மகன். என்னை ரயிலேற்ற அம்மாவும் நிலையம் வரை வந்தார். மேடையில் வைத்து மெதுவாகக் கேட்டார்: "ஆரடா உன்னை எழுதச் சொன்னது?"

அந்த வருடமே படம் ஏலத்துக்கு வந்தது. விற்பனைப் பட்டியலில் நான் எழுதிய அதே வரிசை. கடைசி வரி மட்டும் இல்லை. சீமாட்டியின் நெற்றி பளிச்சென்று வெறுமையாக இருந்தது. அதைத் துடைத்ததற்கு எங்களுக்கு வந்த கணக்கு, அம்மாவின் ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேலே: முப்பத்தெட்டாயிரத்து நானூறு குரோனர்.